படிக்கட்டுக்கு அடியில் காற்றுக்கு ஒரு மூலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். முன்னால் இன்வெர்ட்டரும் பேட்டரியும். அதற்குப் பின்னால் உருளி, குட்டுவம் போன்ற பெரிய பாத்திரங்கள், விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும் பாய்கள், ஓடாத மிக்சி, ஒரு மூட்டை தேங்காய். இன்னும் உள்ளே, கை எட்டாத தாழ்ந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து ஒரு மாதம் ஆனதும் அங்கிருந்து பூசண வாடை கிளம்பும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் நனையத் தொடங்கினால் டிசம்பர் வரை சுவரோ மரமோ முழுதாகக் காய்வதில்லை. கோயம்புத்தூரில் நன்றாக உழைக்கும் படியடி அலமாரியை அப்படியே பார்த்து இங்கே அடித்தால் ஓர் ஆண்டுக்குள் கதவு பிடிக்கும், பின்பலகை கறுக்கும், உள்ளே வைத்த துணி நாறும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது மரத்துக்குள் ஏறக்குறைய 12 சதவீதம் ஈரம் நிற்கும். காற்றில் அது 80 ஆனால் மரத்தில் 16 ஆகிவிடும். அந்த 4 சதவீத வித்தியாசத்துக்கே 24 அங்குல அகலத் திண்மரப் பலகை 4, 5 மி.மீ. ஊதும். 70-க்கு மேல் ஈரப்பதம் நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். மூடிய அலமாரிக்குள் அது வாரக்கணக்கில் நிற்கும்.

அதனால் எதை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். எதற்கும் உதவாத அந்தத் தாழ்ந்த மூலையைக் காற்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் மீதி இடம் முழுவதையும் ஆண்டு முழுக்கப் பயன்படுத்தலாம். குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஒரு மாடிவீட்டில் இந்த முறையில் செய்த வேலையின் பதிவு இது.

பழைய ஓட்டு வீடுகள் இதைத் தெரிந்தே கட்டப்பட்டவை. அடுக்களைக்கு மேலே தட்டு, கீழே விறகடுப்பு. சூடும் புகையும் தட்டுப்பலகை இடுக்கு வழியாக ஏறி ஓட்டு இடுக்கில் வெளியேறும். நல்லமிளகும் கொப்பரையும் அங்கே கெடாமல் கிடந்தது அதனால்தான். தக்கலைக்குப் பக்கத்தில், கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் மந்திரசாலையின் (அரசரின் ஆலோசனை மண்டபம்) மரச்சட்ட ஜன்னல்களை நின்று பாருங்கள். வெயிலை மறித்துக் காற்றை மட்டும் விடும் அமைப்பு அது. கான்கிரீட் படிக்கு அடியில் இருக்கும் பொந்துக்கு இப்படி எந்த வழியும் கிடையாது. நாம்தான் செய்துகொடுக்க வேண்டும்.

அளவு

இந்த வீட்டில் தரைக்கும் மாடித் தரைக்கும் இடையே 126 அங்குலம். 18 படி, ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம், 10 அங்குல மிதி, 36 அங்குல அகலம். ஒன்பதாவது ஏற்றத்தில் லாண்டிங் (படி திரும்பும் மேடை), அங்கிருந்து திரும்பி மேலே போகிறது. லாண்டிங்கின் மேல்பரப்பு 63 அங்குலத்தில். சிலாபும் பூச்சும் கழித்தால் அடியில் கிடைப்பது 57 அங்குலம். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். முதல் பிளைட்டின் (கீழே இருக்கும் படிவரிசையின்) அடிப்பக்கம் லாண்டிங் ஓரத்தில் 57 அங்குலத்தில் தொடங்கி, 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் வீதம் இறங்கி, சுமார் 80 அங்குல தூரத்தில் தரையைத் தொடுகிறது.

காகிதத்தில் இது நேர்க்கோடு. கொத்தனார் பூசிய அடிப்பரப்பு அப்படி இருக்காது. இங்கே ஒரே பிளைட்டில் முக்கால் அங்குலம் வரை மேடுபள்ளம் இருந்தது. லாண்டிங் ஓரத்திலிருந்து ஒவ்வொரு 10 அங்குலத்துக்கும் தரையில் சாக்பீஸ் குறி போட்டு, முன்விளிம்பு, நடு, சுவரோரம் என்று மூன்று இடத்தில் உயரம் எடுங்கள். மூன்றில் குறைந்ததுதான் உங்கள் அளவு. தூக்குக்குண்டு போட்டுச் செங்குத்தாக அளக்க வேண்டும். டேப்பைச் சாய்த்துப் பிடித்தால் அரை அங்குலம் கூடுதலாகக் காட்டும், அலமாரிக்குப் பதில் இங்கே செய்யப்போகும் உருளை வைத்த இழுப்பு வண்டி உள்ளே போகாது. தரையின் மட்டத்தையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹால் பக்கம் வாட்டம் இருந்தால் உருளை வைத்த வண்டி தானாகவே வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை. படி சிலாபின் முக்கியக் கம்பிகள் அடிப்பக்கத்தில்தான் ஓடுகின்றன. அவற்றை மூடி 15, 20 மி.மீ. கான்கிரீட்தான் இருக்கும். அங்கே டிரில் போட்டுக் கொக்கி மாட்டுவது, சட்டம் அடிப்பது எதுவும் வேண்டாம். இந்த வடிவமைப்பில் படியிலிருந்து தொங்குவது ஒன்றுமில்லை. எல்லாம் தரையில் நிற்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது

மரவேலைக்கு முன் சுவரைக் கேட்க வேண்டும். ஓரடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் பனித்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. தரையிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

இங்கே வெளிச்சுவரில் கீழே ஒன்றரை அடி வரை சுவர்ப்பக்கம் நனைந்தது, அதற்கு மேலே காய்ந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே நின்றது. செடி வைப்பதற்காகச் சுவரை ஒட்டி மண் குவித்திருந்தார்கள். மண்மட்டம் வீட்டுத் தரைமட்டத்தைத் தாண்டி இருந்தது. எந்த ரசாயனம் பூசினாலும் அந்த மண் இருக்கும்வரை சுவர் காயாது. முதல் வேலையாக மண்ணைத் தரைமட்டத்துக்கு 6 அங்குலம் கீழே வரை வெட்டி எடுத்து, சுவரைவிட்டு வாட்டம் கொடுத்தோம்.

பிறகு உள்பூச்சை இரண்டரை அடி உயரத்துக்கு, அதாவது ஈரக்கறைக்கு மேல் ஓரடி வரை, கொத்தி எடுத்தோம். கறை வரை மட்டும் எடுத்துப் பூசினால் ஈரம் புதுப்பூச்சுக்குப் பின்னால் ஏறி அதன் தலைக்கு மேலே வெளியே வரும். கல் இடுக்கைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்துக் கழுவி, 1-க்கு 4 சிமென்ட் கலவையில் மூட்டைக்கு 200 மில்லி நீர்த்தடுப்பு திரவம் சேர்த்துப் பூசியது. ஏழு நாள் நனைப்பு. அதன்பின் மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் காயவிட வேண்டும். இந்த மூன்று வாரத்தில்தான் பலருக்குப் பொறுமை போகும். ஈரப்பூச்சின் மேல் அலமாரி வைத்தால் செய்த செலவெல்லாம் பின்பலகைக்குள் போய்விடும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள்.

மேல்பூச்சுக்குப் புட்டியும் எமல்ஷனும் வேண்டாம். அவை சுவரின் மூச்சை அடைக்கும், பூசணத்துக்குத் தீனியும் ஆகும். கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும். நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் வைத்து, துணியில் வடிகட்டி, மெல்லியதாக மூன்று கை. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் முளைக்காது. நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியில் நீற்றக் கூடாது, கண்ணாடி போடாமல் பக்கத்தில் குனியக் கூடாது.

சுவரிலோ பழைய சாமான்களிலோ ஏற்கெனவே பூசணம் இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்கலாம். அதே இடத்தில் கழிவறை ஆசிட் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், குனிந்து வேலை செய்யும் பொந்துக்குள் அது உயிருக்கு ஆபத்து.

செல்லு, அதாவது கறையான், இங்கே எந்த வீட்டுக்கும் வரும். சுவரும் தரையும் சேரும் மூலையில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, 30.5 சதவீத இமிடாகுளோப்ரிட் திரவத்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து, துளைக்கு ஒரு லிட்டர் வரை இறக்கி, சிமென்ட்டால் அடைக்கலாம். கையுறையும் முகமூடியும் கட்டாயம். வீட்டுக் கிணறு அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். மரத்தைத் தரையில் படாமல் வைத்து, மாதம் ஒருமுறை மண்புற்றுக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. வண்டி முறையில் அது எளிது, ஏனென்றால் எல்லாமே நகரும்.

காற்றின் வழி

உள்ளே வரும் வழி தாழ்ந்த மூலை. லாண்டிங் ஓரத்திலிருந்து 64 அங்குலம் தாண்டினால் உயரம் 12 அங்குலத்துக்கும் கீழே போய்விடுகிறது. அந்தக் கடைசி 16 அங்குலத்தில் செருப்புகூட ஒழுங்காக நிற்காது. அங்கே முக்கோணச் சட்டம் செய்து, 1-க்கு அரை அங்குல அயினி (ஆஞ்சிலி) மர ரீப்பரை அரை அங்குல இடைவெளியில் அடித்து, பின்னால் துருப்பிடிக்காத கொசுவலை கட்டினோம். வலை கொசுவுக்கு மட்டுமல்ல. தேளும் பூரானும் பாம்புக்குட்டியும் விரும்பும் மூலை அது. திறப்பில் பாதி அடைபட்டதுபோக சுமார் 50 சதுர அங்குலம் காற்றுக்குக் கிடைக்கிறது.

வெளியேறும் வழி லாண்டிங்குக்கு அடியில், வடக்குச் சுவரில். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் இரண்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. துளையின் மேல்விளிம்பு சிலாபுக்கு 4 அங்குலம் கீழே. சூடான காற்று தங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, ஆனால் சிலாபையோ பீமையோ தொடக் கூடாது. கோர் கட்டர் கம்பியில் பட்டால் அங்கேயே நிறுத்தி இடம் மாற்றுங்கள். குழாய் வெளியே பார்த்து அரை அங்குலம் சரிய வேண்டும். வெளிமுனையில் கீழ்நோக்கிய எல்போ, அதன் வாயில் வலை. மேற்குச் சுவரைத் தவிர்த்தது தென்மேற்குச் சாரலுக்காக. இரண்டு குழாயும் சேர்ந்து 25 சதுர அங்குலம். வரும் வழி போகும் வழியைவிடப் பெரிதாக இருந்தால்தான் இழுவை சீராக இருக்கும்.

படியின் சரிவான அடிப்பரப்பே காற்றை மேலே கூட்டிக்கொண்டு போகும். ஆனால் காற்றடிக்காத நாளில் நான்கடி உயர வித்தியாசத்துக்குக் கிடைக்கும் இழுவை மெலிந்தது. அதற்காக ஒரு குழாயின் உள்வாயில், கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட், பிரஷ் இல்லாத 120 மி.மீ. விசிறி. 3 வாட் இழுக்கும். டைமர் வைத்துக் காலை 11 முதல் மாலை 4 வரை ஓட்டினால் மாதம் அரை யூனிட்கூட வராது. இரவு முழுக்க ஓட்ட வேண்டாம். நாளில் ஈரப்பதம் குறைந்த நேரம் பிற்பகல்தான். மழை இரவில் ஓட்டினால் ஈரக்காற்றைத்தான் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

சிலர் அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிடுவார்கள். 15 வாட் பல்பு 24 மணி நேரமும் எரிந்தால் மாதம் கிட்டத்தட்ட 11 யூனிட், துணி பட்டால் தீ. எல்.இ.டி. பல்புக்கு அந்தச் சூடே கிடையாது, அதனால் பலனும் இல்லை.

மூன்று வண்டிகள்

36 அங்குல ஆழத்துக்கு இழுப்பறை வேண்டாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் டெலஸ்கோப்பிக் சேனல் 24 அங்குலம் வரைதான். தாங்குவதும் ஜோடிக்கு 45 கிலோ அளவில். பித்தளைப் பாத்திரமும் அரிசியும் ஏறினால் ஒரு வருடத்தில் தொங்கிவிடும். உருளை வைத்த வண்டி பாரத்தைத் தரைக்குக் கொடுக்கிறது.

முன்முகப்பு அகலம் 24, 22, 18 அங்குலம், மொத்தம் 64. பெட்டி ஒவ்வொன்றும் முகப்பைவிட ஒன்றரை அங்குலம் குறுகல், ஆழம் 33. பின்னால் 2 அங்குலம் காற்றுக்கு. உயரத்தைத் தாழ்ந்த ஓரத்துக்குத்தான் கணக்கிட வேண்டும். முதல் வண்டியின் தாழ்ந்த ஓரத்தில் படி 40 அங்குலத்தில் இருக்கிறது. மேலே 2 அங்குலம் காற்றுவழி கழித்தால், உருளை உட்பட 38. இரண்டாவது 22¾. மூன்றாவது 10¼. அந்த இரண்டு அங்குலத்தைக் கொள்ளளவுக்காக யாராவது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். காற்று ஏறிப்போகும் பாதை அதுதான்.

வாங்கியவை:
– ஐ.எஸ். 710 தர (மரைன் வகை) பிளைவுட்: 18 மி.மீ. 8-க்கு 4 ஷீட் மூன்று, 12 மி.மீ. ஒன்று
– 2 அங்குல பாலியூரித்தேன் உருளை, திரும்பாத வகை, 12
– அரை அங்குல கன அயினி ரீப்பர், இரண்டாவது வண்டியின் பக்கங்களுக்கும் மூலைச் சட்டத்துக்கும் சேர்த்து 50 அடி
– முக்கால் அங்குல அலுமினிய எல் ஆங்கிள், 12 அடி நீளம் ஒன்று
– நீர் தாங்கும் வகை மரப்பசை, 304 தர ஸ்டீல் திருகுகள், உருளைக்கு 6 மி.மீ. போல்ட் நட்

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் இந்த ஊருக்கு ஆகாது. ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் பட்டால் ரொட்டிபோல உப்பும். இங்கே ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். போராக்ஸ், போரிக் அமிலம் அழுத்தி ஏற்றிய பலகையாக இருந்தால் எடுக்கலாம். பதப்படுத்தாததை அறுத்த சில நாளிலேயே நீலக்கறை பிடிக்கும், பின்னாலேயே துளைக்கும் வண்டு வரும். கடல் காற்று எட்டும் பகுதி என்பதால் சாதாரண இரும்புத் திருகு வேண்டாம்.

பிளைவுட் வந்ததும் மூன்று ரீப்பர் மேல் படுக்கையாக அடுக்கி ஒரு வாரம் அதே ஹாலில் கிடக்கட்டும். சாய்த்து வைத்தால் வளையும். லாமினேட்டை இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், வெளியே 1 மி.மீ., உள்ளே 0.8. செலவு மிச்சமென்று ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் வெறும் பக்கம் ஈரம் குடித்து முகப்பு வில்லாக வளையும். 57 அங்குல உயர முகப்பில் அது தூரத்திலிருந்தே தெரியும். வெட்டிய ஓரம் எதுவும் வெறுமையாக விடப்படக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத அடி ஓரம் உட்பட.

மூன்று முகப்பும் ஒரே ஷீட்டில் அடங்கும். முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 46 அங்குலம், ஷீட்டின் 48-க்குள். 57-லிருந்து 25 வரை சரிவை ஒரே நூலடித்து ஒரே கோடாக அறுக்கலாம். மீந்த தலைப்பகுதியில் மூன்றாவது வந்துவிடும். மரக்கோடும் மூன்றிலும் ஒரே திசையில் ஓடும். அறுக்கும் முன் அட்டையில் வெட்டிப் படியோடு பொருத்திப் பாருங்கள். அடிப்பூச்சின் மேடுபள்ளத்துக்காக மேலே அரை அங்குலம் விட வேண்டும், முகப்புகளுக்கிடையே 3 மி.மீ.

முதல் வண்டியின் இரு பக்கமும் திறந்தவை. 3 அங்குலக் கம்பி மட்டும். வெளியே இழுத்தால் இரண்டு பக்கமிருந்தும் எடுக்கலாம். கனமான உருளியும் குட்டுவமும் கீழே, பாய் மேலே. கைப்பிடி 30 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, உச்சியில் வைத்தால் இழுக்கும்போது கவிழப் பார்க்கும். அடிப்பலகைக்கு 18 மி.மீ. ஒன்று போதாது, இரண்டை ஒட்டி இரட்டையாக்குங்கள். இங்கே முதலில் ஒற்றையாகத்தான் போட்டோம். பாரம் ஏறியதும் நடுப்பகுதி தொய்ந்து, உருளைகள் உள்பக்கம் சாய்ந்து, முகப்பு தரையை உரசியது. பிரித்துத் திரும்ப இரட்டை அடி போட வேண்டியதாயிற்று. உருளைக்குத் திருகு போட்டால் இழுக்க இழுக்கக் கழன்றுவரும். போல்ட் துளைத்து நட் முடுக்குங்கள்.

நான்கு உருளையும் திரும்பாத வகையாக இருக்க வேண்டும். சுழலும் உருளை வைத்தால் உள்ளே தள்ளும்போது பின்பக்கம் கோணலாகி அடுத்த வண்டியில் இடிக்கும். வழிகாட்ட, அலுமினிய ஆங்கிளை 30 அங்குலத் துண்டு நான்காக வெட்டி, வண்டிகளின் இடைவெளியில் தரை ஓட்டின் மேல் சிலிக்கான் வைத்து ஒட்டியது. தரையைத் துளைக்கவில்லை.

இரண்டாவது வண்டியின் பக்கங்கள் பலகைக்குப் பதில் ரீப்பர், ஒரு அங்குல இடைவெளியில். தேங்காயும் வெங்காயமும் அதில். மூன்றாவதில் செருப்பு, மண்வெட்டி, கத்தி போன்ற தாழ்ந்த சாமான்கள். தோட்டத்திலிருந்து வரும் ரப்பர் ஷீட்டை எந்த வண்டியிலும் வைக்க வேண்டாம். அதன் வாடை எல்லாவற்றிலும் ஏறும், பூசணமும் கூடவே வரும்.

லாண்டிங்குக்கு அடியில் பேட்டரி

150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி 50, 60 கிலோ இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். மூடிய இடத்தில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். பேட்டரியை மூடிய அலமாரிக்குள் வைப்பதை இந்தப் பக்கத்து வீடுகளில் நிறையப் பார்க்கலாம், அதை மாற்றியே ஆக வேண்டும். ஹைட்ரஜன் மேலே ஏறும் வாயு. ஆகவே குழாய் வாய்க்கு நேர் கீழே பேட்டரி. அதன் தலைக்கு மேல் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஓரடியாவது வெற்றிடம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலே அல்லாமல் பக்கவாட்டில், சுற்றிலும் 6 அங்குலம் விட்டு. கேஸ் சிலிண்டரை இங்கே வைக்கவே கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். விளக்கேற்றும் பூசை மாடமும் இந்த இடத்துக்கு ஆகாது.

லாண்டிங் அடிக்குக் கதவு ஒன்று, 36-க்கு 56. காற்றோட்டத்துக்கென்று அதில் லூவர் வைக்கத் தோன்றும். வைத்தால் காற்று கதவு வழியாகவே நுழைந்து நேராகக் குழாய்க்குப் போய்விடும், தாழ்ந்த மூலை அசையாமல் கிடக்கும். கதவு முழுப்பலகையாக இருக்கட்டும். தூரத்து மூலையில் நுழையும் காற்று மூன்று வண்டியையும் தாண்டி, பேட்டரிக்கு மேலே போய், வெளியேற வேண்டும்.

ஊதுபத்திச் சோதனை

எல்லாம் பொருத்தியபின் ஊதுபத்தி கொளுத்தி மூலைச் சட்டத்தின் முன் பிடித்துப் பார்த்தோம். (சார்ஜரை அணைத்து, பேட்டரிக் கதவை அரை மணி நேரம் திறந்து வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பத்தியைப் பேட்டரிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.) புகை உள்ளே போகாமல் நேராக மேலே எழுந்தது. அதே பத்தியை முதல் வண்டியின் அடியில் பிடித்தால் விறுவிறுவென்று உள்ளே இழுத்தது.

கணக்குப் போட்டதும் புரிந்தது. முகப்புக்கும் தரைக்கும் இடையே முக்கால் அங்குலம் விட்டிருந்தோம். 64 அங்குல நீளத்துக்கு அது 48 சதுர அங்குலம். மூலைச் சட்டத்தின் அளவுக்கே இன்னொரு வாசல், அதுவும் குழாய்க்குப் பக்கத்தில். காற்று சுலபமான வழியைத்தான் எடுக்கும். முதல் இரண்டு முகப்பின் அடியில் கதவுக்கு ஒட்டும் பிரஷ் பட்டையைப் பொருத்தி, மூன்றாவதன் அடியை மட்டும் திறந்து விட்டோம். திரும்பச் சோதித்தபோது மூலையில் புகை படுத்து உள்ளே போனது. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

மழைக்குப் பிறகு

ஒரு தென்மேற்குப் பருவம் முழுக்கக் கடந்தபின் திறந்து பார்த்ததில் வண்டிகள் பிடிக்கவில்லை, பாய்களில் வாடை இல்லை. இரண்டு குறைகள் தெரிந்தன. ஒரு குழாயின் எல்போவுக்குள் குளவி மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. வலையை எல்போவின் வாய்விளிம்பில் கட்டாமல் உள்ளே தள்ளிக் கட்டியதால் கூடு கட்ட இடம் கிடைத்துவிட்டது. வலை விளிம்போடு விளிம்பாக நிற்க வேண்டும். இன்னொன்று, புதுப்பூச்சின் கீழ் வரிசையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுவருக்குள் மீந்திருந்த உப்பு வெளியே வருவது அது. ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, மறுபடி சுண்ணாம்பு ஒரு கை அடித்தால் சரி.

ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா முதல் வண்டிக்குள் ஒன்று வைக்கலாம். நிரம்பியதும் கொட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் பித்தளையில் பட்டால் அரித்துவிடும், ஆகவே பாத்திரத் தட்டுக்கு மேலே வைக்காதீர்கள்.

இதே வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 7 அங்குலச் சந்து இருக்கிறது. அதில் சறுக்கு அலமாரி செய்யக் கேட்டார்கள், செய்யவில்லை. இப்போதைய பெட்டிகளில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கத் தகட்டுக்குள்தான் ஓடுகிறது, கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். அந்தச் சந்தை அடைத்தால் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும். அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் இடம்.

பராமரிப்புக்கு நாள் மே கடைசி வாரம், இடவப்பாதிக்கு முன். மூன்று வண்டியையும் வெளியே இழுத்து, பின்சுவரில் செல்லுக்கோடு பார்த்து, மூலை வலையையும் குழாய் வலையையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சுவரோரம் மண் மறுபடி ஏறியிருந்தால் இறக்கி, கடைசியில் ஊதுபத்தி. புகை மூலைக்குள் போனால் வண்டிகளை உள்ளே தள்ளிவிடலாம்.